மேசை விளக்குச் சிம்னியில் ஒரு கும்பிடுபூச்சி

"அது என்னிக்கு ரெக்க கட்டும், வசந்தா?"

சரோஜா அக்கா கட்டிலில் படுத்தபடி என்னைக் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. புரட்டாசி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். சன்னலோரம் கட்டில். சன்னல் மேடையில் ஒரு மண்ணெண்ணெய் மேசை விளக்கின் கண்ணாடிச் சிம்னி. அதற்குள் ஒரு குச்சி, குச்சியில் தலைகீழாக ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி. பக்கத்து அறையில் இரண்டு தறிகள் டக்கு டக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் குரலை உயர்த்தினால்தான் எதுவும் கேட்கும். அக்கா உயர்த்தவில்லை, நான்தான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இன்னும் ஒரே ஒரு தோல் உரிக்கணும்க்கா. பத்து, பதினஞ்சு நாள் ஆவும்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். என்னத்தை எண்ணுகிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

சென்ற இதழில் தறிக்குழிக்குள் கால் தவறி விழுந்த கதையைச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'உங்களை எப்படித்தான் அந்த வீட்டில் வைத்துக்கொண்டார்களோ' என்று எழுதியிருக்கிறார். அம்மா தாயே, தறிக்குழியெல்லாம் ஒரு விஷயமா? நான் அந்த வீட்டுக்குப் பூச்சியோடு வாழப் போனவள்.

சீர்வரிசையில் சேராத சாமான்

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். பிறந்த ஊர் களம்பூர். அப்பா அரிசி ஆலையில் வேலை பார்த்தார். எங்களுக்கும் தறிக்கும் தாத்தா காலத்தோடு தொடர்பு விட்டுப் போயிருந்தது. ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பெண் கேட்டு வந்தபோது, நெடுக்கே ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கும்பிடுபூச்சி எந்தச் செடியில் இருக்கும், என்ன தின்னும், எப்போது தோல் உரிக்கும் என்று கேட்டிருந்தால் மணிக்கணக்கில் பேசியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மறுவீடு முடிந்து பஸ் ஏறும்போது தீப்பெட்டியில் ஒரு குட்டிப் பூச்சியைப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் பீடி பற்றவைக்க அதை வாங்கித் திறந்தார். அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டர் ஓடி வந்துவிட்டார். நல்லவேளை, மனுஷன் சிரித்துவிட்டார். அந்த ஒரு சிரிப்புக்காகவே நான் அவரோடு ஆயுசு முழுக்க இருந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

மாமியார் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பூச்சி இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துக் கும்பிட்டபடி இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாமி கும்புடற உசுரு. பாவு பக்கம் வுட்டுடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தான். அளந்து அளந்து பேசுவார்கள். பொழுதெல்லாம் தறிச் சத்தத்தில் இருந்து பேச்சே வற்றிப்போயிருந்தது. நானோ வாயாடி. முதல் ஆறு மாதம் பூச்சியோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

டப்பா, பாட்டில், கூடை

கும்பிடுபூச்சியை எதில் வைப்பது என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாகடித்துத் தெரிந்துகொண்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

களம்பூரில் முதல் பூச்சியை ஒரு பவுடர் டப்பாவில் வைத்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தேன். காற்றுக்கு வழி செய்தேனே தவிர, வெயிலில் தகரம் எப்படிக் கொதிக்கும் என்று யோசிக்கவில்லை. ஒரே மத்தியானத்தில் முடிந்தது.

அடுத்தது கண்ணாடி பாட்டில். உள்ளே என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது, அதனால் என் கண்ணெதிரிலேயே செத்தது. பூச்சி தோல் உரிக்கும்போது தலைகீழாகத் தொங்க வேண்டும். மேலே நகம் மாட்டிக்கொள்ள சொரசொரப்பாக ஏதாவது இருக்க வேண்டும். கீழே, பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இடம் இருக்க வேண்டும். பழைய தோலிலிருந்து அது அப்படியே வழுக்கி இறங்கும், இடம் போதாவிட்டால் தலை முட்டிக் கோணிக்கொள்ளும். நான் பாட்டிலுக்குத் தகர மூடி போட்டிருந்தேன். நழுவி விழுந்தது.

பூ விற்கிறவர்களின் பிரம்புக் கூடை அருமையான வீடு. காற்று வரும், நகம் மாட்டும். ஆனால் தீனிக்குப் போட்ட தத்துக்கிளி எல்லாம் இடுக்கு வழியாக வெளியே போய் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்துகொண்டன. கூடையும் தெருவுக்குப் போயிற்று.

இன்னொரு முறை, தனியாக இருந்தால் ஏங்கிப் போகுமே என்று ஒரே பெட்டியில் இரண்டை விட்டேன். காலையில் பார்த்தால் ஒன்றுதான் இருந்தது, அதுவும் வயிறு புடைத்து. கும்பிடுகிற கையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு பூச்சிதான்.

ஆரணியில் கைக்கு எட்டுவது எல்லாம் புடவை வைக்கிற அட்டைப் பெட்டி. பார்க்க லட்சணம், உள்ளே இருட்டு. கடைசியில் பரணில் ஒரு மேசை விளக்கு கிடைத்தது. கரண்ட் வந்த பிறகு தூக்கிப் போட்டது. அதன் சிம்னி ஒரு சாண் உயரத்துக்கும் மேல். அடிவயிறு உப்பி, கழுத்து நீண்டு, இரண்டு பக்கமும் திறந்தது. பூச்சியை நூலால் அளந்தேன், அதே நூலை மூன்று முறை சிம்னியில் வைத்துப் பார்த்தேன். மேலே இன்னும் நாலு விரல் மிச்சம் இருந்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை நகை வாங்கின நாளில்கூடப் பட்டதில்லை.

அடியில் ஈரமணல் பரப்பிய மண் தட்டு. நடுவில் இலையோடு ஒரு குச்சி. மேலே கிழிந்த கொசுவலையில் ஒரு துண்டை வெட்டிக் கட்டினேன். வலையின் கண்ணில் பூச்சியின் நகம் கச்சிதமாக மாட்டியது.

படுத்தே இருக்கணும்

சரோஜா அக்கா என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அந்த வீட்டில் பெரிய மருமகள். தறியில் உட்கார்ந்தால் ஆம்பிளைகளுக்குச் சமமாக நெய்வாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷத்தில் இரண்டு பிள்ளை ஆறாவது மாதத்திலேயே தவறிப்போயிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. எனக்கே தெருவில் உள்ளவர்கள்தான் சொன்னார்கள்.

மூன்றாவது தடவை ஐந்து மாதம் முடிந்தபோது, லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தறிக்குழியில் காலை வைக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, படுத்தே இருக்கணும். சும்மா உட்கார்ந்தே பழகாத பொம்பளையைப் படுக்க வைத்தால் எப்படி இருக்கும்? தறியில் தள்ளுவதுபோலக் கை பாட்டுக்குக் காற்றில் நாடா தள்ளும். உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சிம்னியைக் கொண்டுபோய் அவள் கட்டிலை ஒட்டிய சன்னலில் வைத்தேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள், "இன்னா அது, மூஞ்சி கழுவுதா?" என்று கேட்டாள். நாலாம் நாள் நான் தீனி போட மறந்துவிட்டேன் என்று என்னிடம் சண்டை பிடித்தாள். சமையலறையில் கரப்பான் பிடித்து வரச்சொல்லி என்னைப் பேஜார் பண்ணினாள்.

அந்தச் சமயத்தில்தான் ரெக்கை எப்போது கட்டும் என்று கேட்டதும், விரல் விட்டு எண்ணியதும். இரண்டு நாள் கழித்து, தலை வாரிவிட உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத வசந்தா. இது நல்லபடியா ரெக்க கட்டிச்சின்னா, என் வயித்துல இருக்கறதும் தங்கிடும்னு மனசுல வெச்சிகினேன்."

அடிப் பாவி, போயும் போயும் பூச்சி மேலா வைப்பாய்? நான் எத்தனை பூச்சியை விழவிட்டவள் என்று இவளுக்குத் தெரியுமா? அதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "எல்லாம் நல்லபடியா நடக்கும்க்கா" என்று மொட்டையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். வாயாடி என்று பேர்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கொசுவலையின் முடிச்சைப் பத்து தடவை சரி பார்ப்பேன். மணல் காய்ந்ததா, எறும்பு வந்ததா, வெயில் விழுகிறதா என்று சன்னலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தது. பூச்சியின் முதுகில் ரெக்கை முளைக்கிற இடம் புடைத்துக்கொண்டு வந்தது. தீனியை நிறுத்திவிட்டது. இன்றோ நாளையோ உரித்துவிடும் என்ற நிலைமை.

கும்பிடுகிற உயிருக்குப் பட்டு

அன்று புரட்டாசி சனிக்கிழமை. மாமியார் விடியலில் குளித்து, வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெருமாள் தளிகைக்குப் பானை ஏற்றினார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், சிம்னியின் தலையில் கொசுவலையைக் காணோம். அதற்குப் பதில் அரக்குப் பட்டு, சரிகைக் கரையோடு. புடவையின் முனையில் அறுத்த துண்டு.

பெருமாளுக்கு உகந்த நாளில், கும்பிட்டபடி இருக்கிற உயிரை, அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரியின் தலைமாட்டில், கிழிந்த கொசுவலைக்குக் கீழேயா வைப்பது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. பட்டு நெய்கிற வீட்டில் மரியாதை என்றால் பட்டுதான். பட்டினால் ஒரு கெடுதல் வரும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் கனவில்கூடத் தோன்றாது. இதில் இன்னொன்றும் செய்திருந்தார். சரிகையின் அழகான பக்கம் பூச்சிக்குத் தெரியட்டும் என்று, அதை உள்பக்கமாகப் பார்த்துக் கட்டியிருந்தார். வழவழவென்று இருந்தது. நகம் மாட்ட ஒரு கண் கிடையாது.

பார்த்தேன். தெரிந்தது. நல்ல நாளில் மாமியார் கட்டியதை அவிழ்ப்பதா என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவர் கோயிலுக்குப் போனதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இந்த ஒரு விஷயத்துக்காக என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று எத்தனையோ நாள் இருந்திருக்கிறது.

உச்சி வேளைக்கு முன்னால் வடை சுட்டு வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பூச்சி மணலில் கிடந்தது. பாதித் தோல் உரிந்து, பாதி உள்ளேயே சிக்கி, கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

சிம்னியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். பட்டை அவிழ்த்துப் போட்டேன். அந்த நேரத்தில் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும். தொட்டேன். பழைய தோலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். என் கையிலேயே அடங்கிவிட்டது. ஒரு வாழை இலைத் துண்டில் அதைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, காலிச் சிம்னியையும் அங்கேயே விட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினேன். ஆற்றங்கரைப் புதரில் ரெக்கை கட்டிய பூச்சி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா எழுவதற்குள் வந்துவிட வேண்டும்.

ஒரு சிம்னி, இரண்டு பூச்சி

உச்சி வெயிலில் உண்ணிச்செடி முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு, நல்ல பெரிய பச்சையாக ஒன்றைப் பிடித்தேன். ரெக்கை மழமழவென்று இருந்தது. முந்தானையில் முடிந்து ஓடி வந்தேன். கொல்லையில் சிம்னி இருந்தது, இலையில் வைத்த பூச்சியைக் காணோம். காக்கை கொண்டுபோயிருக்கும் என்று நினைத்து மேற்கொண்டு யோசிக்கவில்லை. புதிதாக இலை நிறைய உள்ள குச்சி ஒன்றை நட்டு, பூச்சியை விட்டு, பழைய கொசுவலையைக் கட்டி, சத்தமில்லாமல் சன்னலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அக்கா இன்னும் அதே பக்கம் பார்த்துத்தான் படுத்திருந்தாள். மூச்சு நிதானத்துக்கு வர எனக்கு ஒரு செம்பு தண்ணீர் பிடித்தது.

காக்கை இல்லை, அது மாமியார். நான் போன பிறகு கொல்லைக்கு வந்தவர், இலையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அவிழ்த்துப் போட்டிருந்த பட்டுத் துண்டையும் பார்த்திருக்கிறார். புரிந்துவிட்டது. செத்த பூச்சியைத் துளசி மாடத்து ஓரத்தில் புதைத்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனார், நந்தவனத்து அரளிச்செடியைக் கிளை கிளையாகத் தேடினார். பூக்கூடையில் துளசிக்கு அடியில் ஒரு பூச்சியோடு திரும்பி வந்தார். சன்னலில் சிம்னி இருந்தது. உள்ளே இலைதான் தெரிந்தது. நான் கழுவி வைத்த காலிச் சிம்னி என்று நினைத்தார். ஒரு முனையை அவிழ்த்து, உள்ளே போட்டுக் கட்டிவிட்டார்.

இதெல்லாம் அப்புறம் தெரிந்த கதை. எனக்குத் தெரிந்தது, அடுப்படியில் இருந்தபோது அக்கா கூப்பிட்ட குரல்தான்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அக்கா முழங்கையை ஊன்றி எழுந்திருந்தாள். சிம்னிக்குள் என் ஆற்றங்கரைப் பூச்சி, மாமியாருடைய கோயில் பூச்சியின் கழுத்தைப் பிடித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நறுக் நறுக்கென்று சத்தம். தறிகூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

ஏன் நின்றது என்றால், என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார், இன்னொரு தறியில் இருக்க வேண்டியவர் அறை வாசலில் நின்றார். அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அந்த வீட்டிலேயே வாய் பேசாதவர் என்று பேர் எடுத்தவர். வேட்டியெல்லாம் நாயுருவி முள் ஒட்டியிருந்தது; கொல்லையில் இலையில் கிடந்ததை அவரும் பார்த்துவிட்டுப் புதர் தேடிப் போயிருக்கிறார். உள்ளங்கைகள் இரண்டையும் குவித்து மூடியிருந்தார். விரலிடுக்கில் ஒரு பச்சைக் கால் ஆடியது.

அக்கா அவர் கையைப் பார்த்தாள், சிம்னியைப் பார்த்தாள், பூக்கூடையோடு நின்ற மாமியாரைப் பார்த்தாள், முள் கிழித்த என் கையைப் பார்த்தாள்.

"என் பூச்சி எங்க?"

சொல்லித்தான் ஆகவேண்டும். "செத்துப்போச்சிக்கா. தோல் உரிக்கறப்ப வழுக்கி உழுந்துடிச்சி" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் கட்டன பட்டுதான் வழுக்கிடிச்சி" என்றார் மாமியார். அவர் வாயிலிருந்து தன் தப்பு என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அன்றுதான்.

அக்கா எங்கள் மூன்று பேரிடமும் தனித்தனியாக, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அதே வேண்டுதலைச் சொல்லியிருக்கிறாள். மாமியார், "சும்மா கட" என்று நகர்ந்துவிட்டார். மாமா ஒன்றும் சொல்லாமல் போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டார். நான் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடியதை முன்பே சொன்னேன்.

அக்கா மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட சொன்னன்னிக்கு ஒரு வார்த்த பேசலியே நீங்க" என்றாள்.

அவர் கையைக் குவித்தபடியே நின்றார். "இன்னா பேசறது, சரோஜா? எனக்கும் பயமா இருந்துது" என்றார்.

அக்காவின் முகம் என்னவோ ஆயிற்று. அழப்போகிறாள், உடம்புக்கு ஆகாதே என்று நான் பதறினேன். அழவும் செய்தாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள்.

"அப்ப எல்லாரும் பயந்துகினுதான் இருந்தீங்களா? நான் ஒருத்திதான் பயந்துகினு கெடக்கறேன்னு நெனச்சேன்."

மாமியார் கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி, அந்த வீட்டில் நான் கேட்க அன்றுதான் பேசினார்கள். முதலாவது பையனாம். மாமாவின் ஜாடையாம். மாமா தன் கையிலிருந்த பூச்சியைச் சன்னல் வழியாக வேப்பமரத்தில் விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அதற்குப் பிறகு தறி ஓடவில்லை. தளிகையை நாங்கள் அந்த அறையிலேயே வைத்துச் சாப்பிட்டோம். அக்கா நாலு வடை தின்றாள்.

ஆறாவது மாதம் நல்லபடியாகப் போயிற்று. ஏழாவது போயிற்று. சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் மாமா நேரே கட்டிலோரம் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் விளக்கு ஏற்றும்போதும் பேசிக்கொண்டிருப்பார்கள். சில நாள் பயம், சில நாள் பேர் வைக்கிற தகராறு.

தை மாதம், பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் கம்மி, குரலுக்குக் குறைச்சல் இல்லை. நர்ஸ் வெளியே வந்து சொன்னதுதான் தாமதம், மாமா அத்தனை பேர் நிற்கிற வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு 'ஓ'வென்று அழ ஆரம்பித்துவிட்டார். யாருக்கு என்ன ஆயிற்று என்று கூட்டம் கூடிவிட்டது. சத்தம் போடாதீர்கள் என்று நர்ஸ் அதட்டினாள்.

உள்ளேயிருந்து சரோஜா அக்காவின் குரல் கேட்டது. உடம்பில் தெம்பே இல்லாத குரல். ஆனாலும் உயர்த்தித்தான் பேசினாள்.

"அவரு எங்க வூட்டுக்காரருதாம்மா. அழட்டும், வுடுங்க. என்கூட சேந்து பயந்தவரு."